ஒரே ஒரு கோல்.. தங்கம் போச்சு! 4 வருஷம் கழித்து மீட்டு வந்த ராணுவ பேண்டு வாத்தியக்காரர்

வடசென்னை என்றாலே ஃபுட்பால், பாக்ஸிங், கேரம்தான். ஹாக்கி மட்டை தூக்கும் பசங்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ராயபுரமோ, திருவொற்றியூரோ, எண்ணூரோ.. எந்த ஏரியாவில் டீம் சேர்த்தாலும் ஒரே தலைவலிதான். முன்னால் நின்று கோல் போட பத்து பேர் முண்டியடிப்பார்கள். கோல் போஸ்ட்டில் நிற்கத்தான் ஆள் கிடைக்காது. கடைசியில் யார் லேட்டாக வந்தாரோ அவர் தலையில் கட்டி விடுவார்கள்.

வர மாட்டேன் என்பவர்களையும் குறை சொல்ல முடியாது. கோல்கீப்பருக்கு நல்ல செட்டு வாங்கப் போனால் ஒரு மாச சம்பளம் காலி. அதை விடுங்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். ஒன்பது பந்தைத் தடுத்துவிட்டு பத்தாவதை விட்டவனுக்கு வீடு போய்ச் சேரும் வரை திட்டுதான்.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என ஜெயித்து வெண்கலம் வாங்கியபோது, கோல் போஸ்ட் மேலேயே ஏறி உட்கார்ந்தாரே கேரளாக்காரர் ஸ்ரீஜேஷ்.. அவரை எல்லாருக்கும் தெரியும். அதே டோக்கியோவில் 57 வருஷம் முன்னால், 1964-ல், இந்தியாவுக்குத் தங்கத்தையே காப்பாற்றிக் கொடுத்த கோல்கீப்பரைத்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் பெயர் சங்கர் லட்சுமண்.

அம்பேத்கர் பிறந்த ஊர்

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் பக்கத்தில் மாவ் என்று ஒரு ஊர். ராணுவ முகாம் ஊர். அம்பேத்கர் 1891-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் அப்பா ராணுவத்தில் சுபேதார். அதனால்தான் ஊருக்கு டாக்டர் அம்பேத்கர் நகர் என்று பிற்பாடு பெயரே மாற்றினார்கள். இதே ஊரில் 1933 ஜூலை 7-ந்தேதி பிறந்தவர்தான் லட்சுமண்.

முதலில் அவர் ஹாக்கி மட்டையைத் தொடவில்லை. ஆடியது எல்லாம் ஃபுட்பால்தான். மாவ் பக்கத்தில் கொடரியா என்ற கிராமத்து டீமுக்கு கேப்டனே அவர்தான். 1947-ல் ராணுவத்தில் சேர்ந்தார். துப்பாக்கி தூக்க அல்ல.. பேண்டு வாசிக்க! அப்போது அவருக்கு வயசு 14.

மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி படைப்பிரிவுக்குப் போன பிறகுதான் ஹாக்கி பக்கம் வந்தார். ஹாக்கியில் பந்தைக் காலால் உதைக்க கோல்கீப்பர் ஒருத்தருக்குத்தான் அனுமதி. ஃபுட்பால் ஆடி ஆடி வந்த கால் அல்லவா.. அங்கே நன்றாகவே கை கொடுத்திருக்க வேண்டும். 1955-ல் சர்வீசஸ் அணிக்காக தேசியப் போட்டியில் ஆடினார். அடுத்த வருஷமே மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம்!

ஆட்டோகிராஃப் போட்ட கோல்கீப்பர்

அதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வாங்கியது. 5 மேட்ச்சில் 29 கோல் அடித்தது. வாங்கியது பூஜ்யம்! அப்போது கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலன். 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று துவைத்து எடுத்தார்கள். அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது தெரியுமா? வேலையே இல்லாததால் ஆலன் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று ரசிகர்களுக்கு ஆட்டோகிராஃப் போட்டுக் கொண்டிருந்தாராம். அப்படி ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது.

முன்னால் தியான்சந்த் மாதிரி ஆள் இருந்து 24 கோல் அடித்தால், பின்னால் நிற்பவர் ஆட்டோகிராஃப் போடலாம். காபி கூட குடிக்கலாம். அடிப்பது ஒரே கோல் என்றால்? கண்ணை இமைக்க முடியாது.

லட்சுமண் வந்து சேர்ந்தது சரியாக அந்த மாறுகிற நேரத்தில்.

மெட்ராஸ் பிரான்சிசுடன் ஜோடி

மெல்போர்ன் அணியில் இரண்டு கோல்கீப்பர்கள். 23 வயசு லட்சுமண் புது ஆள். இன்னொருவர் 36 வயசு அனுபவசாலி, நம்ம மெட்ராசின் ரங்கநாதன் பிரான்சிஸ்!

பிரான்சிஸ் பிறந்தது பர்மாவில், ரங்கூனில். ரங்கூன் என்றால் வடசென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பர்மா பெயர் சொல்லும் ஏரியாக்கள் இருக்கின்றன. துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜாரே இருக்கிறது. 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று மூன்று தங்கம் வாங்கிய அணிகளிலும் இருந்தவர் பிரான்சிஸ். அந்த மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து இந்தியா ஆடியது 13 மேட்ச். வாங்கிய கோல் எத்தனை தெரியுமா? வெறும் 4! 1975-ல் சென்னையில் காலமான இந்த மனிதரின் பெயர் சென்னையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது தனிக் கதை.

மெல்போர்னில் ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0, சிங்கப்பூரை 6-0 என்று நொறுக்கினார்கள். அதோடு சரி. செமி ஃபைனலில் ஜெர்மனியை ஜெயித்தது 1-0. ஃபைனலில் பாகிஸ்தானை ஜெயித்ததும் 1-0. தங்கம் வந்தது, ஒரு கோல் கூட விழவில்லை. கேப்டன் பல்பீர் சிங் விரல் உடைந்த நிலையில் ஆடிய ஃபைனல் அது. கோல் போஸ்ட்டில் நின்றது லட்சுமண்.

அப்போது கோல்கீப்பர் நின்ற லட்சணத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பேட் மாதிரி காலில் ஒரு பேட், கையில் கிளவுஸ். அவ்வளவுதான். ஹெல்மெட்டும் கிடையாது, இன்றைக்கு மாதிரி நெஞ்சுக்குக் கவசமும் கிடையாது. காக்க வேண்டிய கோலோ 12 அடி அகலம், 7 அடி உயரம். வருவது சுமார் 160 கிராம் கல்லு மாதிரி பந்து. கிரிக்கெட் பால் கனம். முகத்தில் பட்டால் பல் மிஞ்சாது.

ரோமில் விழுந்த அடி

1960 ரோம். கேப்டன் லெஸ்லி கிளாடியஸ். முதலில் டென்மார்க்கை 10-0 என்று அடித்ததும் பழைய கெத்து திரும்பிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் காலிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் எக்ஸ்ட்ரா டைம் வரை இழுத்து 1-0. செமி ஃபைனலில் பிரிட்டனிடம் 1-0. முன்வரிசை வற்றிப் போன கிணறு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் தப்பித்து தப்பித்து ஃபைனல் வரை வந்தாச்சு.

செப்டம்பர் 9-ந்தேதி ஃபைனல். எதிரே மறுபடியும் பாகிஸ்தான். முதல் பாதியிலேயே நசீர் புந்தா அடித்த பந்து லட்சுமணைத் தாண்டி உள்ளே போனது. அதற்கப்புறம் இந்தியா தலைகீழாக நின்றும் ஒரு கோல் அடிக்க முடியவில்லை. 0-1.

1928-ல் இருந்து ஒலிம்பிக்கில் 30 மேட்ச், தோல்வியே கிடையாது. தொடர்ந்து 6 தங்கம். 31-வது மேட்ச்சில் எல்லாம் போச்சு!

இங்கேதான் நியாயம் பேச வேண்டும். அந்த ஒலிம்பிக் முழுக்க, 6 மேட்ச்சில், இந்தியா வாங்கியது மொத்தம் 2 கோல். எந்தப் பயிற்சியாளரும் கோல்கீப்பரிடம் இதற்கு மேல் கேட்க முடியாது. கோல் அடிக்காதது முன்னால் நின்றவர்கள். ஆனால் ஊர் வாயில் நிற்பது உள்ளே போன அந்த ஒரு பந்து மட்டும்தான். கோல்கீப்பர் வேலையின் சாபக்கேடு அது.

சோகம் அத்தோடு நிற்கவில்லை. அதற்கு முன்பே 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானுடன் 0-0 டிரா செய்து, கோல் கணக்கில் தங்கத்தை விட்டிருந்தார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஃபைனலில் பாகிஸ்தானிடமே 0-2 என்று மண்ணைக் கவ்வினார்கள். இரண்டு வெள்ளி அணியிலும் லட்சுமண் இருந்தார்.

டோக்கியோவில் பதிலடி

1964 அக்டோபர். கேப்டன் சரண்ஜித் சிங். ஆரம்பமே அவ்வளவு சரியில்லை. ஜெர்மனியுடன் 1-1, ஸ்பெயினுடன் 1-1 என்று டிரா. எப்படியோ மற்றவர்களை ஜெயித்து, செமி ஃபைனலில் ஆஸ்திரேலியாவை 3-1 என்று சாய்த்து ஃபைனலுக்கு வந்தார்கள்.

அக்டோபர் 23. மூன்றாவது முறையாக ஒலிம்பிக் ஃபைனலில் இந்தியா - பாகிஸ்தான். கோலில் அதே லட்சுமண். முதல் பாதி 0-0. இரண்டாவது பாதியில் பிரிதிபால் சிங் பெனால்டி கார்னரில் விட்ட அடி, கோல் வாசலில் பாகிஸ்தான் வீரர் காலில் பட்டது. பெனால்டி ஸ்ட்ரோக்! மொகிந்தர் லால் அலட்டிக் கொள்ளாமல் உள்ளே தள்ளினார். 1-0.

அதற்கப்புறம் நடந்ததுதான் லட்சுமண் வாழ்க்கையிலேயே பெரிய நேரம். பாகிஸ்தான் பாய்ந்து பாய்ந்து வந்தது. பெனால்டி கார்னர் அடிப்பதில் கில்லாடியான முனீர் தர் அவர்கள் பக்கம் இருந்தார். அவர் அடி என்றால் பந்து கண்ணுக்கே தெரியாது. வந்ததை எல்லாம் காலால் உதைத்தும், கையால் தட்டியும், குறுக்கே விழுந்தும் தடுத்தார் லட்சுமண். ரோமில் ஒரு பந்து போனது. டோக்கியோவில் ஒன்றுகூட போகவில்லை. விசில் ஊதியபோது தங்கம் திரும்ப இந்தியா கையில்! அந்த வருஷமே அர்ஜுனா விருது கொடுத்தார்கள்.

1966-ல் இன்னொரு அதிசயம். பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு லட்சுமணையே கேப்டன் ஆக்கினார்கள். கோல்கீப்பரை கேப்டன் ஆக்கும் வழக்கம் அப்போது எங்கேயுமே கிடையாது. உலக ஹாக்கியிலேயே முதல் கோல்கீப்பர் கேப்டன் அவர்தான் என்று சொல்வார்கள். ஃபைனலில் பாகிஸ்தானை 1-0 என்று ஜெயித்து, ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கி வந்தார். 1967-ல் பத்மஸ்ரீ.

1956-ல் இருந்து 1966 வரை ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் பாகிஸ்தானோடு மோதிய இந்த 6 பெரிய மேட்ச்சைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு சிரிப்பாக இருக்கும். இந்தியா அடித்தது 3 கோல். வாங்கியதும் 3 கோல். அதில் 3 தங்கம்!

ஒரே அடியாக ஒதுங்கினார்

1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் லட்சுமண் பெயர் இல்லை. கழற்றி விட்டார்கள். அவரும் அதோடு ஹாக்கியையே விட்டுவிட்டார். மெக்சிகோ போன கோல்கீப்பர்களில் ஒருவர் சென்னையின் முனீர் சேட். இந்தியா முதல் முறையாக ஃபைனலுக்கே போகாமல் வெண்கலத்தோடு திரும்பியது.

லட்சுமண் ராணுவத்திலேயே இருந்தார். பேண்டு வாசிக்கச் சேர்ந்தவர், 1979-ல் மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியில் கேப்டன் அந்தஸ்தில் ஓய்வு பெற்று மாவ் ஊருக்கே திரும்பினார். 32 வருஷ சர்வீஸ்.

அவர் ஊரில் இருந்த காலத்தில்தான் 1982 டெல்லி ஆசிய விளையாட்டு நடந்தது. ஃபைனலில் இதே பாகிஸ்தானிடம் 1-7. கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நேகியை நாட்டையே விற்றுவிட்டதாகப் பேசி நோகடித்தார்கள். முன்னாலும் நடுவிலும் நின்ற பத்துப் பேரை யாரும் கேட்கவில்லை. இந்தப் பழி எப்படி இருக்கும் என்று ரோமிலேயே பார்த்தவர் லட்சுமண். அவர் 1966-ல் வாங்கிய ஆசிய விளையாட்டுத் தங்கத்தை மறுபடி தொட இந்தியாவுக்கு 32 வருஷம் ஆனது. 1998-ல் அதே பாங்காக்கில், தன்ராஜ் பிள்ளை தலைமையில், தென்கொரியாவுடன் பெனால்டி ஸ்ட்ரோக் வரை போய் ஜெயித்தார்கள். அப்போதும் காப்பாற்றியது கோல்கீப்பர்தான், ஆஷிஷ் பல்லால்.

கடைசிக் காலத்தில் லட்சுமணின் காலில் அழுகல் நோய் வந்தது. மூன்று ஒலிம்பிக் ஃபைனலில் பந்தை உதைத்து வெளியே தள்ளிய கால்கள்.. அதில் ஒன்றை வெட்டி எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. கூட ஆடிய பெரிய பெரிய பெயர்களுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசி கூட அவர் பக்கம் திரும்பவில்லை. ஹாக்கி உலகம் அவரை மறந்தே ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

2006 ஏப்ரல் 29-ந்தேதி மாவ் ஊரிலேயே லட்சுமண் இறந்தார். வயசு 72. இறுதி மரியாதை செய்ய ராணுவம் வந்திருந்தது.