பட்டியலில் இல்லாத மொழி
சர் வில்லியம் ஜோன்ஸின் வாழ்க்கை

1783-ஆம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'குரோக்கடைல்' என்ற போர்க்கப்பலில், புதிதாக நியமனம் பெற்ற நீதிபதி ஒருவர், பாரதத்தில் தாம் தங்கும் காலத்தில் ஆராய வேண்டியவற்றைப் பட்டியலிட்டார். இந்துக்கள், முகமதியர்கள் ஆகியோரின் சட்டங்கள், பண்டைய உலக வரலாறு, ஆசிய மக்களின் கணிதம், மருத்துவம், கவிதை, இசை, பாரத நாட்டின் இயற்கை விளைபொருட்கள், திபெத், காஷ்மீரம் பற்றிய செய்திகள், மராட்டியரின் ஆட்சிமுறை என அப்பட்டியல் 16 தலைப்புகளாக நீண்டது. ஒரு மனிதர் ஒரு பிறவியில் செய்து முடிக்கக்கூடிய வேலையல்ல அது. ஆனால் அவருடைய பெயரை நிலைநிறுத்தப்போகும் சமஸ்கிருத மொழி அதில் இடம்பெறவில்லை.

வில்லியம் ஜோன்ஸ் 1746-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையார் பெயரும் வில்லியம் ஜோன்ஸ் என்பதே. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்க 'பை' என்ற கிரேக்க எழுத்தை 1706-இல் முதன்முதலாகப் பயன்படுத்திய கணித அறிஞர் அவர். மகனுக்கு மூன்று வயது நிறையுமுன்பே தந்தை காலமானார். கல்வி புகட்டி ஆளாக்கியவர் தாய் மேரி. ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்த காலத்தில் கிரேக்கம், லத்தீனுடன் அரபு, பாரசீகம் ஆகியவற்றையும் ஜோன்ஸ் கற்றார். 1771-இல் அவர் வெளியிட்ட பாரசீக இலக்கண நூல் ஐரோப்பாவெங்கும் அவருக்குப் புகழ் தந்தது. எனினும் மொழிப்புலமை சோறு போடவில்லை; வழக்கறிஞர் தொழிலை நாடினார். கல்கத்தா உச்சநீதிமன்றப் பதவி கிடைத்ததும் அன்னா மரியா ஷிப்லியை மணந்து, அதே மாதத்தில் கப்பலேறினார்.

கல்கத்தா வந்து நான்கு மாதங்களுக்குள், 1784-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று, முப்பது பேரைக் கூட்டி ஏஷியாடிக் சொசைட்டியை நிறுவினார். ஆசியா என்ற நிலப்பரப்புக்குள் மனிதன் செய்தவை யாவும், இயற்கை படைத்தவை யாவும் அதன் ஆய்வுக்குரியவை என்று எல்லை வகுத்தார். இவ்வளவு பரந்த எல்லை வகுத்த அவையில் பாரத நாட்டவர் ஒருவருக்கும் அன்று இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1829-இல்தான் அவர்கள் உறுப்பினராயினர்.

சமஸ்கிருதத்தை அவர் நாடியதற்குக் காரணம் பக்தியோ தத்துவ தாகமோ அல்ல. இந்துக்களின் வழக்குகளில் தர்ம சாஸ்திரம் கூறுவது என்ன என்பதைப் பண்டிதர்கள் எழுதித் தருவார்கள். அந்த வியவஸ்தையைச் சரிபார்க்க வழியின்றி, அதனடிப்படையில் தீர்ப்பு வழங்குவது ஜோன்ஸுக்கு உறுத்தலாக இருந்தது. பண்டிதர்களிடம் அவருக்கு முழு நம்பிக்கையும் இல்லை. ஆகவே மூலமொழியைத் தாமே கற்க முடிவு செய்து, 1785-இல் நீதிமன்ற விடுமுறையின்போது நதியா நாட்டிலுள்ள கிருஷ்ணநகருக்குச் சென்றார். அந்தணர்கள் கற்பிக்க முன்வரவில்லை. ராமலோசனர் என்ற முதியவர் ஆசிரியராக இசைந்தார். அவர் வைத்தியர் குலத்தைச் சேர்ந்தவர், இலக்கணத்தில் தேர்ந்தவர். முப்பத்தொன்பதை எட்டிய நீதிபதி அவரிடம் மாணவரானார்.

மறுஆண்டு பிப்ரவரி 2 அன்று சொசைட்டியில் ஜோன்ஸ் ஆற்றிய உரை மொழியியல் வரலாற்றில் ஒரு மைல்கல். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றின் வினைவேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் காணும் ஒற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது. இவை ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும். அந்த மூலமொழி இன்று வழக்கொழிந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. 'இருக்கிறது' என்பதற்குச் சமஸ்கிருதத்தில் 'அஸ்தி', கிரேக்கத்தில் 'எஸ்தி', லத்தீனில் 'எஸ்த்' என்று வருவதை நோக்கினால் அவர் கண்டது நமக்கும் விளங்கும். ஒற்றுமையை அவருக்கு முன்பே கண்டவர்கள் உண்டு. தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து 1767-லேயே இதுபற்றி எழுதியனுப்பியிருந்தார். ஆனால் அது 1808 வரை அச்சேறவில்லை. ஜோன்ஸின் பார்வை பெரும்பாலும் வடநாட்டோடு நின்றுவிட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக் குடும்பம் என்பதை 1816-இல் நிறுவியவர் சென்னையில் பணியாற்றிய எல்லிஸ்.

நாடகம் என்ற ஒன்று பாரதத்தில் உண்டென்று ஜோன்ஸ் கேள்வியுற்றிருந்தார். அது எத்தகையது என்று பலரிடம் விசாரித்தும் தெளிவு கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் கல்கத்தா ஆங்கிலேயர்கள் மேடையேற்றுகிறார்களே, அதைப் போன்றதே எங்கள் நாடகமும் என்று ராதாகாந்தர் என்ற பண்டிதர் விளக்கிய பிறகே விஷயம் புரிந்தது. அதன்பின் ராமலோசனரின் துணையோடு காளிதாசனின் சாகுந்தலத்தைப் படித்தார். முதலில் சொல்லுக்குச் சொல் லத்தீனில் பெயர்த்து, அதிலிருந்து ஆங்கிலமாக்கினார். 1789-இல் கல்கத்தாவில் வெளியான அந்நூலின் வருவாய், கடனைத் தீர்க்க வழியற்றவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. இரண்டாண்டுகளில் ஜெர்மன் மொழிக்குச் சென்று கதே போன்ற கவிஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. காளிதாசனின் ருதுசம்ஹாரத்தை வங்க எழுத்துகளில் 1792-இல் அச்சிட்டவரும் ஜோன்ஸே. அச்சேறிய முதல் சமஸ்கிருத நூல் அதுதான்.

பாரத வரலாற்றுக்குக் கால அளவு கிடைத்ததும் ஒரு சொல்லால்தான். பாலிபோத்ரா நகரம் எரனோபோவஸ் நதியும் கங்கையும் கூடுமிடத்தில் இருந்ததாகக் கிரேக்கர்கள் எழுதியிருந்தனர். பாலிபோத்ரா என்பது பாடலிபுத்திரமாயின், அந்த நதி எது? சோணை நதிக்கு ஹிரண்யபாஹு என்றொரு பெயருண்டு என்பதைச் சமஸ்கிருத நூலொன்றில் ஜோன்ஸ் கண்டார். முடிச்சு அவிழ்ந்தது. கிரேக்கர் கூறிய சாண்ட்ரகோட்டஸ் மன்னன் சந்திரகுப்த மௌரியனே என்று 1793-இல் அறிவித்தார். அலெக்சாண்டருக்குப் பின்வந்த கிரேக்க அரசர்களின் காலம் தெரிந்திருந்ததால், நம் அரசர்களுக்கும் ஆண்டுகள் குறிக்க முடிந்தது.

செடிகொடிகளிடம் சென்றபோதும் இதே வழிதான். பண்டைய ரோமானியர் பெருவிலை கொடுத்து வாங்கிய நார்டு என்ற நறுமணப் பொருள் எது? அரபு மருத்துவர்கள் வழங்கிய பெயர்களைத் தொடர்ந்து சென்று, அது ஜடாமாஞ்சியே என்று கண்டார். முடிவு சரியானது. ஆனால் பூட்டானிலிருந்து அவருக்கு வந்துசேர்ந்த செடி வேறொன்று! அவர் விவரித்த அந்தச் செடி இன்றும் தாவரவியலில் 'வலேரியானா ஜடமான்சி' என்று அழைக்கப்பட, உண்மையான ஜடாமாஞ்சி வேறு பேரினத்தில் இருக்கிறது.

விலங்குகளைப் பற்றியும் எழுத விரும்பினார்; ஆனால் ஆராய்ச்சியின் பெயரால் ஒரு பறவையை வருத்துவதற்கு மனிதனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி அவரைத் தடுத்தது. இதைச் சொசைட்டியிலேயே வெளிப்படையாகக் கூறினார். வீட்டில் ஒரு தேவாங்கை வளர்த்தார். அதன் பழக்கவழக்கங்களைப் பொறுமையாகக் கவனித்துக் குறித்துவைத்தார். ஒருநாள் அது உறங்கும் நிலையிலேயே இறந்துகிடந்தது. வலியின்றி இறந்திருக்கும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டு அவர் எழுதிய குறிப்பு, அறிவியல் கட்டுரையாகவும் இரங்கலாகவும் இருக்கிறது.

எந்தப் பணிக்காகச் சமஸ்கிருதம் கற்றாரோ அதையும் விடவில்லை. ஜகந்நாத தர்க்கபஞ்சானனர் முதலிய பண்டிதர்களைக் கொண்டு இந்து சட்டத் தொகுப்பு ஒன்றை உருவாக்கச் செய்தார். மனுஸ்மிருதியின் ஆங்கிலமாக்கம் 1794-இல் வெளியாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்டு, காலத்துக்கேற்ப நெகிழ்ந்துவந்த வழக்காறுகளை ஏட்டில் உறையவைத்துக் கம்பெனி ஆட்சியின் கையில் அது கொடுத்துவிட்டது. ஜோன்ஸின் பணிகளுள் மிகக் கவனமாக எடைபோட வேண்டியது இதுவே.

உடல்நலம் குன்றிய அன்னா மரியா 1793-ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பினார். சட்டத் தொகுப்பை முடித்துவிட்டுப் பின்தொடர்வதாக இருந்த ஜோன்ஸ், 1794-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று ஈரல் நோயால் கல்கத்தாவில் காலமானார். அப்போது வயது 47. சட்டத் தொகுப்பைப் பின்னர் கோல்புரூக் மொழிபெயர்த்து நிறைவு செய்தார். கணவரின் நூல்களைத் திரட்டி 1799-இல் ஆறு தொகுதிகளாக அன்னா மரியா வெளியிட்டார்.

இந்நாட்டுச் செடிகளுக்கு ஐரோப்பியரின் பெயர்களைச் சூட்டுவதை ஜோன்ஸ் விரும்பியதில்லை. மக்கள் வழங்கும் பெயர்களே நிலைக்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர். அவர் மறைந்தபின் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க், நண்பரின் நினைவாக அசோக மரத்துக்கு 'ஜோன்சியா அசோகா' என்று பெயரிட்டார். அந்தப் பேரினத்துக்கு 1767-லேயே லின்னேயஸ் 'சராக்கா' என்று பெயர் வைத்திருந்ததால், 'ஜோன்சியா' நீங்கிவிட்டது. இன்று அம்மரம் 'சராக்கா அசோகா'.