அச்சத்தோடு நடந்த அண்ணல்

காந்தியடிகளைப் பற்றி நாம் சிறு வகுப்பு முதலே படித்து வருகிறோம். உப்புச் சத்தியாக்கிரகமும் சிறைவாசமும் நமக்கு மனப்பாடம். ஆனால் இருட்டைக் கண்டு நடுங்கிய மோகன்தாஸை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பேச்சுப்போட்டி அறிவிப்பைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்குகிற மாணவிகளுக்கு அவர் மிக நெருங்கிய உறவினர் என்றே சொல்ல வேண்டும்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த அவருக்குத் திருடர், பேய், பாம்பு ஆகிய மூன்றும் தீராத பயங்கள். இரவில் வாசலுக்குப் போகமாட்டார். அறையில் விளக்கு எரிந்தால்தான் உறக்கம் வரும். ஒரு திசையிலிருந்து பேயும், மறு திசையிலிருந்து திருடனும், இன்னொரு திசையிலிருந்து பாம்பும் வருவதாகத் தோன்றுமாம். பள்ளியில் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவார். நின்றால் யாராவது கேலி செய்வார்களோ என்ற அச்சம். வீட்டுப் பணிப்பெண் ரம்பாதான், பயம் வரும்போதெல்லாம் இராமநாமத்தைச் சொல்லும்படி அவருக்குக் கற்றுக் கொடுத்தாள்.

பதின்மூன்றாம் வயதில் திருமணமாயிற்று. பள்ளிக்கூடம் காணாத கஸ்தூரிபாய் இருட்டில் எங்கு வேண்டுமானாலும் போவார். பாம்பும் பேயும் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. கணவருக்கோ வெட்கம். தம் பயத்தை மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அப்போது ஒரு நண்பன், இறைச்சி தின்றால் தன்னைப் போல் பாம்பைக் கையில் பிடிக்கலாம் என்று ஆசை காட்டினான். மோகன்தாஸ் பெற்றோருக்குத் தெரியாமல் தின்றார். முதல் நாள் இரவு, வயிற்றுக்குள் ஆடு கத்துவது போல் இருந்ததாம். பயம் போகவில்லை, அதோடு பொய்யும் வந்து சேர்ந்தது. மறைத்து வைத்த பயம் மனிதனை எங்கெல்லாம் இழுத்துச் செல்கிறது பாருங்கள்!

பதினைந்தாம் வயதில் அண்ணனுடைய தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டைத் திருடினார். மனம் பொறுக்கவில்லை. தந்தை அடிப்பார் என்ற பயத்தைவிட, அவர் மனம் நோவாரே என்ற பயமே பெரிதாக இருந்தது. குற்றத்தை ஒரு தாளில் எழுதி, நடுங்கும் கையோடு, நோயுற்றுப் பலகையில் கிடந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை படித்தார், கண்ணீர் தாளை நனைத்தது, பிறகு அதைக் கிழித்துவிட்டார். கை நடுங்கும்போதே ஒரு நற்செயலைச் செய்துவிட முடியும் என்பதை மோகன்தாஸ் அன்றுதான் கண்டார் என்பது என் எண்ணம்.

1888இல் சட்டம் படிக்க இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆங்கிலம் பேசக் கூசி, கப்பலில் தம் அறைக்குள்ளேயே இருந்து, கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தின்று காலம் தள்ளினார். வென்ட்னர் என்னும் கடற்கரை ஊரில் சைவ உணவாளர் கூட்டத்தில் பேச எழுந்தார். எழுதிக்கொண்டு போனது ஒரே ஒரு தாள். கண் மங்கியது, உடல் நடுங்கியது. கடைசியில் நண்பர் ஒருவர் அதை வாங்கிப் படித்தார். இலண்டனை விட்டுப் புறப்படுமுன் தாமே கொடுத்த விருந்திலும் முதல் வாக்கியத்துக்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

1891இல் பாரிஸ்டராகத் திரும்பியவருக்குப் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. கூலி முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்; தலை சுற்றியது; ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறொரு வழக்கறிஞரிடம் கொடுக்கும்படி சொல்லிவிட்டு வெளியேறினார். படித்த படிப்பெல்லாம் வீண் என்றே எவரும் எண்ணியிருப்பார்கள்.

1893இல் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டி ஜூன் 7ஆம் நாள் இரவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். நம் விருத்தாசலம் சந்திப்பில் சேலத்துக்கோ கடலூருக்கோ வண்டி மாற மார்கழி இரவில் காத்திருந்தவர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியும். அதைவிடக் கொடிய குளிர் அது. மேலங்கியோ ரயில்வே அதிகாரிகள் எடுத்துச் சென்ற பெட்டிக்குள். போய்க் கேட்டால் மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று பயந்து, கேட்காமலே இரவு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பலாமா, நிற்கலாமா? விடிவதற்குள் நிற்பதென்று முடிவாயிற்று. பயம் போய்விட்டதா? இல்லவே இல்லை. மேலங்கி கேட்கவே அஞ்சியவர்தான் அந்த முடிவையும் எடுத்தார்.

அதன்பின் சார்லஸ்டவுனிலிருந்து குதிரைக் கோச்சுப் பயணம். உள்ளே இடம் தராமல் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வழியில் கோச்சின் தலைவன் அந்த இடத்தையும் பிடுங்கிக்கொண்டு, கால் வைக்கும் பலகையில் உட்காரச் சொன்னான். காந்தி மறுத்தார். அஞ்சி நடுங்கியவாறே மறுத்ததாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கன்னத்தில் அறைகள் விழுந்தன. மணிக்கட்டு முறிந்தாலும் சரி என்று பித்தளைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். பார்த்திருந்த பயணிகளே இரங்கித் தடுத்தனர். வண்டி மறுபடி ஓடியபோது, உயிரோடு ஊர் போய்ச் சேருவோமா என்று நெஞ்சு படபடக்க, வாய் பேசாமல் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தார்.

பயப்படுவதே இழிவு என்று நினைப்பவர்கள் கெத்செமனித் தோட்டத்தை நினைத்துக்கொள்வது நல்லது. அங்கே நம் ஆண்டவரும் கலங்கினார். வியர்வை இரத்தத் துளிகளாய் நிலத்தில் விழுந்தது. ஆயினும் அவ்விடத்தை விட்டு ஓடவில்லை.

பிரிட்டோரியா சேர்ந்ததும் காந்தி அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். வாணிகத்தில் உண்மை வேண்டும் என்பது பொருள். பம்பாயில் அடைத்த தொண்டை அங்கே திறந்தது எப்படி? நீதிமன்றத்தில் அவருக்குத் தம் பெயர் என்னாகுமோ என்ற கவலை. பிரிட்டோரியாவில் எதிரே இருந்தவர்களின் துயரம் கண்ணில் நின்றது. தம்மைப் பற்றி நினைக்க நேரமில்லை. அடுத்த ஆண்டு டர்பனில் பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தத்தோடு அவர் முன் வந்து அழுதபோதும் அப்படித்தான். உடனே மருத்துவரிடமும் பிறகு நீதிபதியிடமும் அழைத்துச் சென்று, வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

சூளையில் சூடு மெல்ல மெல்ல ஏற வேண்டும். அவசரப்பட்டால் பொம்மை விரிசல் விடும் என்பது நம் பீங்கான் ஊரில் யாவருக்கும் தெரிந்ததே. காந்தியின் துணிவும் இப்படித்தான் ஏறியது. 1897 ஜனவரி 13ஆம் நாள் டர்பன் தெருவில் வெள்ளையர் கும்பல் கல்லும் அழுகிய முட்டையும் எறிந்து அவரை அடித்தது. காவல்துறைக் கண்காணிப்பாளரின் மனைவி அலெக்சாண்டர் அம்மையார் தம் குடையை விரித்து இடையே நின்று காப்பாற்றினார். (பெண்கள் பள்ளி மலரில் அந்தக் குடையைச் சொல்லாமல் விட முடியுமா?) அன்றிரவே கும்பல் அவர் தங்கிய நண்பர் வீட்டைக் கொளுத்துவோம் என்று மிரட்டியது. கண்காணிப்பாளர் சொற்படி காந்தி காவலர் வேடம் பூண்டு வெளியேறினார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லலாமோ? வீட்டிலிருந்த பிறருக்கு ஆபத்து என்று அச்சம் சொன்ன எச்சரிக்கையைக் கேட்டார், அவ்வளவே. அடித்தவர்கள்மேல் வழக்குத் தொடர மறுத்தும் விட்டார்.

கூச்சம் கடைசிவரை முற்றும் நீங்கியதாகத் தெரியவில்லை. அதனால் சொற்களை அளந்து பேசப் பழகியதாகவும், தமக்கு அது கேடயமாக இருந்ததாகவும் அவர் கருதினார். 1895இல் டர்பனுக்கு அருகே மரியன்ஹில் கத்தோலிக்கத் துறவு மடத்தைக் கண்டு, அங்கிருந்தோரின் மௌனத்தையும் உழைப்பையும் வியந்து எழுதினார். பிற்காலத்தில் திங்கட்கிழமைதோறும் தாமும் மௌன விரதம் இருந்தார். வென்ட்னர் மேடையில் அவரைத் தலைகுனிய வைத்த அதே மௌனத்தை, இப்போது அவரே விரும்பி அழைத்தார்.

1946 இறுதியில் நவகாளியில் மதக் கலவரத்தால் மக்கள் நடுங்கிக் கிடந்தபோது, 77 வயதில் ஊர் ஊராக நடந்தார். 1947 ஜனவரி முதல் செருப்பும் அணியவில்லை. 1948 ஜனவரி 20ஆம் நாள் தில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தருகே குண்டு வெடித்தது. கூட்டம் கலங்கியது, அவர் பிரார்த்தனையைத் தொடர்ந்தார். அதன்பின் வருகிறவர்களைச் சோதனையிடக் காவலர்கள் அனுமதி கேட்டார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதிப்பதை அவர் ஏற்கவில்லை. பத்து நாள் கழித்து, ஜனவரி 30ஆம் நாள் மாலை, சோதனையிடப்படாத அந்தக் கூட்டத்தின் நடுவே, இரு இளம்பெண்களின் தோள்களில் கை வைத்தபடி, நேரமாகிவிட்டதென்று விரைந்து நடந்து வந்தார்.