புரியும் மொழியில் ஓர் ஊழியம்



வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு வாசலில், கையில் மருந்துத் துண்டை வைத்துக்கொண்டு, அதை மேலும் கீழுமாகப் புரட்டிப் பார்த்தபடி நிற்கும் வயோதிபத் தாயாரை நீங்கள் நிச்சயம் கண்டிருப்பீர்கள். வைத்தியர் தமக்கு என்ன நோய் என்று சொன்னார், எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டும், எதைப் பின் எடுக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை. திரும்பப் போய்க் கேட்கவோ பயம். அருகில் நிற்கும் பள்ளி மாணவனிடம் துண்டை நீட்டுகிறார். இக்காட்சியைக் காணும்போதெல்லாம், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் வாழ்ந்த ஒரு மனிதர் என் நினைவுக்கு வருவார். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு அப்பெயர் புதிதல்ல. மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் பெயரை அறிந்த அளவுக்கு அம்மனிதரை நாம் அறிந்திருக்கிறோமா? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறிக்கையிடும் விசுவாசத்தைத் திங்கட்கிழமை தொழிலில் எவ்விதம் காட்டுவது என்று ஏங்குகிறவர்கள் அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பொறுமையோடு நோக்குவது நல்லது.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்னும் ஊரில், 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கிறீன் பிறந்தார். வசதியற்ற குடும்பமல்ல. அவருடைய மூத்த சகோதரர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் நிருமாணிகளுள் ஒருவராகப் புகழ்பெற்றார். இன்றும் உலகெங்குமிருந்து மக்கள் சென்று பார்க்கும் மத்திய பூங்காவின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இளையவரும் நியூயோர்க்கிலேயே வைத்தியம் கற்று 1845இல் பட்டம் பெற்றார். அந்நகரில் தங்கியிருந்தால் பெயரும் பொருளும் அவரைத் தேடி வந்திருக்கும். அவரோ 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

அமெரிக்க மிஷன் இங்கு கால்பதித்து ஏற்கனவே முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. பண்டத்தரிப்பில் ஸ்கடர், வட்டுக்கோட்டையில் வோர்ட் என்று வைத்திய ஊழியர்கள் அவருக்கு முன்னரே உழைத்திருந்தார்கள். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் பணியாற்றினார். காலையில் நோயாளர் கூடியதும் வேதம் வாசித்து ஜெபம் செய்வார். பின்பு கத்தியையும் மருந்தையும் கையிலெடுப்பார். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவர்கள். ஜெபத்துக்கு மனமில்லாமல் நோவுக்காக மட்டும் வந்தவனுக்கும் அதே மருந்து, அதே கவனம். எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுடைய காயத்தைக் கட்டிய சமாரியன், அவனுடைய மார்க்கம் எதுவென்று விசாரிக்கவில்லை அல்லவா?

ஆனால் ஒரு வைத்தியர் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? வாந்திபேதியும் அம்மையும் மாறி மாறி வந்த காலம் அது. 1866இல் பரவிய வாந்திபேதி குடாநாட்டையே உலுக்கிற்று. ஆகவே, வந்த புதிதிலேயே கிறீன் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இல் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முயற்சியின் அருமை விளங்கும். தம் காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரை அவர் வைத்தியர்களாகப் பயிற்றுவித்தார்.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. வந்த மாணவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்றவர்கள். நூல்களும் ஆங்கில நூல்கள். அது இலகுவான வழி. ஆனால் அதன் பலனை அவர் கண்ணாரக் கண்டார். ஆங்கிலத்தில் தேர்ந்த வைத்தியன் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமத்தை விட்டுப் போனான். ஆங்கிலம் அறியாத ஊராருக்கு முன்போலவே ஒருவருமில்லை. இதைக் கண்ட கிறீன், வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

வாசகர்களே, இத்தீர்மானத்தின் பாரத்தைச் சற்று எண்ணுங்கள். எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. கற்க வந்த பிள்ளைகளும் அவர்களின் பெற்றாருமே ஆங்கிலத்தைத்தான் விரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சம்பளம் அங்கேதான் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இன்று நாம் எதை விரும்புகிறோமோ, அதையே அவர்களும் விரும்பினார்கள். மேலும், தமிழில் மேலைத்தேய வைத்தியத்துக்குப் பாடநூல் என்று எடுத்துக் கொடுக்க அப்போது என்ன இருந்தது? அந்நிய தேசத்தான் ஒருவன், தான் வளர்ந்த பின் கற்ற மொழியிலே, அதை முதலிலிருந்து உண்டாக்க வேண்டியிருந்தது.

உண்டாக்கினார். கட்டரின் நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலாயிற்று. துருவித்தின் சத்திர வைத்திய நூல் 1867இல் இரண வைத்தியம் என வெளிவந்தது. உலகெங்கும் வைத்திய மாணவர்கள் கற்கும் கிறே என்பவரின் நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. பிரசவ வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று அந்த வரிசை நீளும். ஆயிரக்கணக்கான பக்கங்கள்! மாணவர்கள் உடனிருந்து மொழிபெயர்க்க, அவர் திருத்த, மீண்டும் எழுத, இரவுகள் கழிந்தன. ஒரு பொருளுக்கு முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார்; இல்லையேல் வடமொழியில் தேடுவார்; அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வார்ப்பார். கெமிஸ்தம் என்ற சொல் அவ்வாறு பிறந்ததே. இன்றைய காதுக்கு அந்நடை கரடுமுரடாகத் தோன்றும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் காடு வெட்டியவன் போட்ட பாதை நேராக இராது.

இதிலே ஜெபம் எங்கே, ஊழியம் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கக் கூடும். எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் தேடுவது ஆத்தும ஆதாயமா என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் பரிசுத்த பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை நினைவுகூருங்கள். கேட்பவனுக்கு விளங்காத பாஷையில் எத்தனை ஆயிரம் வார்த்தை பேசினாலும், விளங்கும் ஒருசில வார்த்தைகளே மேலானவை என்றல்லவா அவர் போதித்தார்? பெந்தெகொஸ்தே நாளிலும் எருசலேமில் கூடியவர்கள் தேவனுடைய மகத்துவங்களைத் தத்தம் பிறந்த மொழியிலேயே கேட்டார்கள். மற்றவனுக்கு விளங்கும்படி பேசுவதற்காகத் தன் வசதியைக் கைவிடுவது அன்பின் ஒரு வடிவம். கிறீன் அதைப் பிரசங்க பீடத்தில் அல்ல, பாடநூலிலும் மருந்து மேசையிலும் செய்தார்.

அவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கிறிஸ்தவனாகிறவன் உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் வெள்ளைக்காரனைப் போல மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழன் தமிழனாகவே இருந்து கிறிஸ்துவைப் பின்பற்ற வேண்டும் என்பதே அவர் எண்ணம். மிஷனரிமார் பலரைப் பார்த்தே பழகிய அக்காலத்தில் இது சாதாரண எண்ணமல்ல.

இதற்காக அவரைக் குறையற்றவராக நான் காட்ட முனையவில்லை. அவர் தம் காலத்து மிஷனரியே. சைவ சமயத்தை அவர் நோக்கிய பார்வையில் அக்காலத்துக் கடுமை இருக்கவே செய்தது. அவர் பிறந்த அதே 1822இல், அதே ஆண்டு முடிவதற்குள், நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். இருவரும் எதிரெதிர் அணியினர். ஆயினும் ஒருவர் சமயத்தையும் மற்றவர் வைத்தியத்தையும் பாமரனுக்கு விளங்கும் தமிழ் வசனத்தில் அச்சேற்ற ஒரே குடாநாட்டில், ஒரே காலத்தில் உழைத்தார்கள் என்பது வியப்பானதே.

இடையில் உடல் தளர்ந்து தாயகம் சென்றவர், 1862இல் மார்கிரெட் என்னும் பெண்மணியை மணந்து, அவருடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். 1873இல் உடல்நலம் முற்றாக ஒத்துழைக்க மறுக்கவே, குடும்பத்தோடு வூஸ்டருக்குத் திரும்பினார். இளைப்பாறினாரா? இல்லை. பனி பெய்யும் அந்த ஊரிலிருந்து தமிழ் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். தம் பழைய மாணவர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்தது 1883இல். அதாவது யாழ்ப்பாணத்தை விட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பின், மரணத்துக்கு ஓராண்டுக்கு முன்.

அவர் விரும்பியபடி எல்லாம் நடந்துவிடவில்லை. தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. ஆங்கிலமே வென்றது. இந்நாட்டில் வைத்தியராகிறவர் ஆங்கிலத்திலேயே கற்கிறார். நூலகங்களில் கிறீனின் நூல்களை ஆராய்ச்சியாளர் அன்றி ஒருவரும் விரிப்பதில்லை. அப்படியானால் அவர் உழைப்பு வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பயிற்றிய வைத்தியர்கள் நோயாளியின் மொழியிலேயே பேசினார்கள். அத்தலைமுறையில் பிழைத்தவர்களின் சந்ததியினர் நம்மிடையே இருக்கக் கூடும். விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் வேறொருவன் என்று நம் ஆண்டவர் சமாரியாவின் கிணற்றடியில் சொன்னது விளைச்சலைத் தன் கண்ணால் காணாதவனுக்காகவும்தான்.

நீங்கள் தாதியாக இருக்கலாம். பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பவராக இருக்கலாம். வங்கிக் கருமபீடத்தில் அமர்ந்திருப்பவராக இருக்கலாம். உங்கள் முன் வந்து நிற்பவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டுகிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். வரிசை நீளமாக இருக்கிறது. இரண்டாம் முறை, மெதுவாக, அவருடைய சொற்களில் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை நாளைக்கு யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

கிறீன் 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி வூஸ்டரில் காலமானார். தம் கல்லறையில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார். பட்டங்களோ, எழுதிய நூல்களின் பெயர்களோ, குடும்பப் பெருமையோ அதில் இல்லை. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, தமிழருக்கு வைத்திய ஊழியனாயிருந்தவன் என்னும் செய்தி, இயேசுவே தனக்கு எல்லாம் என்னும் அறிக்கை, அவ்வளவே. தமிழர் எவரும் அதிகம் நடமாடாத அந்த அமெரிக்க மயானத்தில் அக்கல் இன்றும் நிற்கிறது.