பாலத்தடியில் நான்கு சிங்கங்கள்

பிள்ளைகளே, லண்டன் பாராளுமன்றத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பெரிய மணிக்கூண்டு இருக்கிற அதே கட்டடம்தான். அடுத்த தடவை மணிக்கூண்டை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்க. ராஜாக்களும் ராணிகளும் கல்லில் வரிசையாக நிற்பார்கள். அந்தச் சிற்ப வேலையை நடத்தியவர் ஜான் தாமஸ்.

அவர் 1813-இல் இங்கிலாந்தில் சால்ஃபர்ட் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். கல் வேலை செய்யும் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். உளி, சுத்தியல், கல்தூசி. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

பிறகு பர்மிங்காம் நகரத்தில் இருந்த அண்ணன் வில்லியமிடம் போனார். அண்ணன் கட்டடக் கலைஞர். (இவர் பின்னாளில் கனடாவுக்குப் போய்விட்டார். டொரொன்டோவில் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் மண்டபம் இவர் கட்டியதுதான்!) அப்போது சார்ல்ஸ் பாரி என்பவர் பர்மிங்காமில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார். ஜானின் கைவேலையைப் பார்த்தார், பிடித்துப்போனது, வேலை கொடுத்தார்.

1834-இல் லண்டனில் பழைய பாராளுமன்றம் எரிந்துபோயிருந்தது. புதியதைக் கட்டும் பொறுப்பு பாரிக்குக் கிடைத்தது. கல்லில் செதுக்கும் வேலையை அவர் ஜானிடம் ஒப்படைத்தார்.

அத்தனை சிலைகளையும் ஜான் ஒருவரே செதுக்கினாரா? இல்லை. முதலில் பிளாஸ்டரில் மாதிரி செய்வார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத் தொழிலாளர்கள் கல்லில் செதுக்குவார்கள். நான் கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன். எங்க அலுவலகத்திலும் இப்படித்தான். ஒருவர் வடிவம் கொடுப்பார், பலர் சேர்ந்து செய்வோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய சிங்கங்கள். வேல்ஸ் நாட்டுக்கும் ஆங்கிள்சி தீவுக்கும் நடுவில் மெனாய் நீரிணை இருக்கிறது. அதன்மேல் ராபர்ட் ஸ்டீவன்சன் ஒரு ரயில் பாலம் கட்டினார். அதன் பெயர் பிரிட்டானியா பாலம். ரயில் பெரிய இரும்புக் குழாய்க்குள்ளே ஓடும்! 1850-இல் திறந்தார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் காவலுக்கு இரண்டிரண்டு சிங்கங்கள் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 25 அடி நீளம், 12 அடி உயரம், சுமார் 30 டன் எடை. இரண்டு சின்னக் கார்களை ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்திப் பாருங்க, அவ்வளவு நீளம்! பிடரி மயிரை முடிமுடியாகச் செதுக்காமல், பழைய எகிப்து நாட்டுச் சிலை மாதிரி வழவழவென்று விட்டுவிட்டார். இதைப் பற்றி உள்ளூர்க் கவிஞர் ஒருவர் பாட்டே கட்டிவிட்டார்.

1862-இல் ஜான் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

1970-இல் ஒருநாள் இரவு, சில பையன்கள் தீப்பந்தத்தோடு அந்தக் குழாய்க்குள்ளே போனார்கள். பந்தம் கீழே விழுந்தது. கூரையில் தார் பூசிய மரம். பாலம் பற்றி எரிந்தது. குழாய்கள் வீணாகிவிட்டன. சிங்கங்கள் தப்பிவிட்டன.

பாலத்தைத் திரும்பக் கட்டியபோது ரயிலுக்கு மேலே கார்களுக்கு ஒரு சாலையும் போட்டார்கள். சிங்கங்கள் அந்தச் சாலைக்குக் கீழே போய்விட்டன. காரில் போகிறவர்களுக்கு அவை தெரியாது. நீங்கள் அங்கே போனால் ரயிலில் போங்க. ஜன்னல் ஓரமாக உட்காருங்க. பாலம் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று, சட்டென்று வந்து மறையும்.