காணாமற்போன பிள்ளையின் கதை எழுதிய கண்டிச் சட்டத்தரணி

ஈழத்துத் தமிழ் நாவல் எங்கே தொடங்கியது என்று கேட்டால், எம்மில் பலர் யாழ்ப்பாணம் என்றே சொல்வோம். ஆனால் முதல் நாவலை எழுதியவராக இலக்கிய வரலாறு குறிப்பது கண்டியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சட்டத்தரணியை. அவர்தான் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838இல் கண்டியில் பிறந்தவர். தந்தையைப் போலவே சட்டத்தொழிலுக்கு வந்தார். கண்டி மாநகர சபையிலும் இருந்தார். வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தன் சமூகத்துப் பிள்ளைகள் படிப்பில்லாமல் நிற்பது அவரை உறுத்தியது. அன்றைய ஆங்கிலப் பாடசாலைகளிற் பல மிஷனரிமாரின் கையில் இருந்தன. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை.

1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வியைப் பற்றி விடாமல் எழுதினார். பாடசாலைகள் திறந்தார், மாணவருக்குப் பாடநூல்களும் எழுதினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென அவர் தொடங்கிய பாடசாலையைச் சகோதரி முத்து நாச்சியா பொறுப்பேற்று நடத்தினார். பிரித்தானியரால் எகிப்திலிருந்து இங்கு நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் ஒரு பாடசாலை எழுந்தது. இன்றைய சாஹிராக் கல்லூரி அதுவே.

இந்த வேலைகளுக்கிடையில், 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி அப்போது ஆறு வருடங்களே ஆகியிருந்தன. சித்திலெப்பையின் கதைநாயகன் எகிப்தில் பெரிய குடும்பமொன்றில் பிறந்தவன். குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, பல ஆபத்துகளைக் கடந்து கடைசியில் பெற்றோரிடம் சேர்கிறான்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களுடன் வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பற்றி எழுதிவரும் எனக்கு, இதை வெறும் சாகசக் கதையாக வாசிக்க முடியவில்லை. கதையில் பிள்ளை திரும்பி வருகிறான். எங்கள் தாய்மார் இன்னும் காத்திருக்கிறார்கள்.

1898இல் சித்திலெப்பை காலமானார். தொண்ணூற்றிரண்டு வருடங்களின் பின், 1990 ஒக்டோபரில், அவர் எழுதிய அதே தமிழைப் பேசிய முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். உடுத்த உடையோடு போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு மொழியைப் பேசியவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியராகிப் போனார்கள்.

எங்கள் இலக்கியத்தின் முதற் பக்கத்தை எழுதியவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிளவு ஒரு நாளில் ஆறிவிடாது. ஆனால் இந்த மொழி தங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதை அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.