பேராளருக்கு இலக்கணம் காயிதே மில்லத்

மக்களாட்சி என்பது மக்கள் அனைவரும் ஓரிடத்தில் கூடி ஆளும் முறையன்று. தமக்காகப் பேசத் தக்கவரைத் தேர்ந்து அவைக்கு அனுப்பும் முறையாகும். அப்பேராளர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார்? அவையில் அவர்தம் கடமை யாது? இவ்விரு வினாக்களுக்கும் ஒருவர் வாழ்விலேயே நாம் விடை காணலாம். அவரே கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

திருநெல்வேலிப் பேட்டையில் 1896 சூன் 5-ஆம் நாள் பிறந்த அவர், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் பட்டப்படிப்பைத் துறந்தார்; பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். பொதுவாழ்வு அவரை நால்வகை அவைகளுக்கு அழைத்துச் சென்றது. ஒவ்வோர் அவைக்கும் வாயில் வேறு.

முதல் வாயில் சென்னை மாகாணச் சட்டமன்றம். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் 215 இடங்களுள் 28 இடங்கள் முஸ்லிம்களுக்கு உரியவை. அவ்விடங்களுக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்தனர். அதுவும் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இல்லை. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதி உடையோர்க்கே இருந்தது. 1946 தேர்தலில் முஸ்லிம் லீக் பெருவெற்றி பெற, இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இரண்டாம் வாயில் அரசியல் நிர்ணய சபை. இதற்கு மக்கள் நேரே வாக்களிக்கவில்லை. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களுக்கு ஒருவர் என இடங்கள் வகுக்கப்பட்டு, மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களே வாக்காளராயினர். சென்னைக்கு 49 இடங்கள். அவற்றுள் 4 முஸ்லிம்களுக்கு. வாக்களிப்போர் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என விருப்ப வரிசைப்படுத்துவர். முதல் விருப்பத்திற்குரியவருக்கு அவ்வாக்குத் தேவைப்படாவிடின் அடுத்தவருக்கு அது மாறிச் செல்லும். சிறு குழுவினரின் வாக்கும் வீணாகாமல் காக்கும் முறை இது.

1948-இல் இஸ்மாயில் சாகிப் அவ்வவையில் அமர்ந்த காலம் எளிய காலமன்று. நாடு பிளவுண்ட காயம் ஆறவில்லை. முஸ்லிம் லீக் என்னும் பெயரே ஐயத்திற்கு உள்ளாகியிருந்தது. அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில், இயக்கம் கலையாது தொடரும் என முடிவெடுத்துத் தலைமை ஏற்றவர் அவர். அந்தச் சுமையோடுதான் அவைக்குள் நுழைந்தார்.

1948 நவம்பரில், எச்சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தப்படலாகாது எனத் திருத்தம் கொணர்ந்தார். 1949 மே மாதத்தில் சிறுபான்மையினர்க்குத் தனித்தொகுதியும் ஒதுக்கீடும் தொடர வேண்டினார். செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். அவர் கொணர்ந்த திருத்தங்கள் தோற்றன. தனித்தொகுதிக் கோரிக்கையை அவர்தம் சமுதாயத்தவரான பேகம் ஐசாஸ் ரசூல் போன்றோரே ஏற்கவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

எனில் அவர் செய்தது யாது? தோல்வி உறுதி என்று அறிந்தும், அனுப்பியவர்தம் அச்சத்தையும் வேட்கையையும் சினமின்றி, சொற்பிழையின்றி அவையின் பதிவில் ஏற்றினார். பெரும்பான்மையின் தீர்ப்பு வந்தபின் அதனை ஏற்றார். கேளாத குரலாய்ப் போவதற்கும், கேட்டு மறுக்கப்பட்ட குரலாய் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் மனக்கசப்பு வளரும். பின்னதில் அடுத்த அவையிலும் பேசலாம் என்னும் நம்பிக்கை எஞ்சும்.

அந்நம்பிக்கையோடு மூன்றாம் வாயிலுள் நுழைந்தார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக விளங்கினார். அங்கும் தேர்ந்தனுப்புவோர் சட்டமன்ற உறுப்பினர்களே. மாற்று வாக்கு முறையே. நான்காம் வாயில் மக்களவை. கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மும்முறையும் அவரைத் தேர்ந்தது. நெல்லைத் தமிழரை மலையாள மண் தன் பேராளராக ஏற்றது. தனித்தொகுதி கேட்டு வாதாடியவர், சமய வேறுபாடின்றி வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த பொதுத்தொகுதியில் வென்றார். தாம் எதிர்த்த விதி நாட்டின் விதியான பின், அதன்வழி நின்றே மக்கள் நம்பிக்கையைப் பெற்றார்.

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் மறைந்தபோதும் அவர் மக்களவை உறுப்பினரே. திருவல்லிக்கேணி வாலாசா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கிறார்.

பேராண்மைக்குரிய பதவியை அமானிதமாகக் கருதியவர் அவர். தேர்ந்தெடுக்கும் முறைகள் காலந்தோறும் மாறும்; அனுப்பியவர்க்கு உண்மையாய் நிற்பதும், அனுப்பாதவர்க்கும் நீதியாய் நடப்பதும் மாறா. நாளை வாக்குச்சீட்டைக் கையிலேந்தவும், அவைகளில் அமரவும் இருக்கும் நம் மாணவச் செல்வங்கள் இவ்விரண்டையும் அவர் வாழ்விலிருந்து கற்றல் வேண்டும் என்பதே நம் விழைவு.