ராணுவ வீரர்கள் ஓட்டு யாருக்கு? ஜனாதிபதி தேர்தலில் நின்ற கேப்டன் லட்சுமியின் கதை

எந்தத் தேர்தல் என்றாலும் ஓட்டு எண்ணும் நாளில் காலை 8 மணிக்கு முதலில் பிரிப்பது தபால் ஓட்டுகளைத்தான். திருவண்ணாமலையிலும் அப்படித்தான். அந்தக் கட்டுகளுக்குள் எல்லையில் நிற்கும் ராணுவ வீரர்களின் ஓட்டும் இருக்கும். ஆனா அது யாருக்கு விழுந்தது என்று தனியாக யாருக்கும் தெரியாது. அரசு ஊழியர், ஆசிரியர் ஓட்டுகளோடு சேர்த்துத்தான் கணக்கு வரும். சீருடையில் இருக்கும்வரை அவர்கள் கட்சிக் கூட்டத்துக்குப் போகக்கூடாது, பிரச்சாரம் செய்யக்கூடாது என்று ராணுவச் சட்டமும் விதிகளும் தடுக்கின்றன. ஓட்டு மட்டும் உண்டு.

ஜனாதிபதி தேர்தல் வந்தால் அதுவும் இல்லை. அங்கே எம்பிக்களும் எம்எல்ஏக்களும் மட்டுமே வாக்காளர்கள். திருவண்ணாமலை எம்எல்ஏ போடும் ஓட்டுக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு இது. தமிழ்நாட்டின் 234 பேருக்கும் இதே எண்தான். அதே ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போன பையனுக்கு, முப்படைகளுக்கும் தலைமைத் தளபதியாக இருக்கப்போகும் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் நேரடிப் பங்கு கிடையாது.

இந்தியாவில் இதுவரை ராணுவப் பின்னணி கொண்ட யாரும் ஜனாதிபதி ஆனதில்லை. ஆனா ஒருவர் போட்டியிட்டார். அவர் போட்டிருந்த சீருடையை இந்திய ராணுவம் தன் சீருடையாக ஏற்றுக்கொண்டதே இல்லை. அவர்தான் கேப்டன் லட்சுமி.

மெட்ராஸ் பொண்ணு

1914 அக்டோபர் 24, சென்னை. அப்பா எஸ்.சுவாமிநாதன், மெட்ராஸ் ஹைகோர்ட்டில் பெயர்பெற்ற கிரிமினல் வக்கீல், தமிழ் பிராமணர். அம்மா அம்மு, பாலக்காடு பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்த நாயர் குடும்பம். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி வந்த அம்மு பின்னாளில் காங்கிரஸ்காரர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952இல் திண்டுக்கல் எம்பி. தங்கை மிருணாளினி சாராபாய், நாட்டியத்தில் பெரிய பெயர். அண்ணன் கோவிந்த் சுவாமிநாதன் பாரிஸ்டர். வீட்டில் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் பிரபலம்.

லட்சுமி குயின் மேரிஸ் கல்லூரியில் படித்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1938இல் எம்பிபிஎஸ் முடித்தார். அடுத்து மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோ. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை. விமானி பி.கே.என்.ராவுடன் நடந்த திருமணம் சரிவரவில்லை. 1940இல் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே அவர் திறந்த கிளினிக்குக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தக் காலத்தில் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போனது வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களிலிருந்து. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காட்டில்தான் இருந்தது; தனி மாவட்டம் ஆனது 1989இல். ஆக, அந்தக் கிளினிக்கில் பிரசவத்துக்கு வந்தவர்களில் நம்ம பக்கத்துப் பேச்சு பேசியவர்களும் இருந்திருப்பார்கள்.

சத்தியம் செய்தது யாருக்கு?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்திய வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள். இந்திய ராணுவ வீரனுக்கு அரசியல் சாய்வு உண்டா என்ற கேள்வி அவ்வளவு பெரிய அளவில் எழுந்தது அநேகமா அன்றைக்குத்தான். அவர்கள் சத்தியம் செய்திருந்தது பிரிட்டிஷ் மன்னருக்கு. இப்போது இந்தியாவுக்காகச் சண்டை போடும் படை ஒன்று உருவாகிறது, சேர்கிறாயா என்று கேட்கிறார்கள். பலர் சேர்ந்தார்கள். பலர் மறுத்தார்கள், அப்படி மறுத்தவர்களில் நிறையப் பேரை ஜப்பானியர் நியூ கினி போன்ற இடங்களுக்குக் கொத்தடிமை வேலைக்கு அனுப்பினார்கள், பாதிப் பேர் திரும்பவில்லை என்று சொல்லுமளவுக்குக் கொடுமை. சேர்ந்த எல்லோரும் தேசபக்தியால் மட்டும் சேரவில்லை, மறுத்த எல்லோரும் ஆங்கிலேயர் மேல் இருந்த பாசத்தால் மறுக்கவும் இல்லை. பசி, பயம், நண்பர்கள், செய்த சத்தியம் எல்லாமே அந்த முடிவில் கலந்திருந்தன.

மோகன் சிங் தலைமையில் உருவான முதல் ஐஎன்ஏ அந்த வருடக் கடைசியிலேயே உடைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகுதான் அது மறுபடி எழுந்தது. பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார் போஸ். லட்சுமி சில பெண்களைத் திரட்டி, துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அவருக்கு அணிவகுப்பு மரியாதை தர வைத்தார். பிறகு போஸுடன் நீண்ட பேச்சு. அது முடிந்ததும் கிளினிக்கை மூடத் தயாராகிவிட்டார். வயது 28.

ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ரப்பர் மரத்தில் பால் வடித்துக்கொண்டிருந்தவர்கள், இந்தியாவைப் பார்த்தே இராதவர்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டிலிருந்து வந்த ஜானகியும் அங்கே இருந்தார். பின்னாளில் மலேசிய இந்திய காங்கிரஸை நிறுவியவர்களில் ஒருவர். டாக்டர் லட்சுமி அங்கேதான் கேப்டன் லட்சுமி ஆனார். ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசில் மகளிர் விவகாரத் துறை அமைச்சரும் அவர்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சினிமாத்தனமாக நினைப்பதுபோல அந்தப் படை முன்வரிசையில் பெரிய சண்டை எதுவும் போடவில்லை. இம்பால் வீழ்ந்தால் இந்தியாவுக்குள் நுழையலாம் என்று பர்மா வரை போனார்கள். இம்பால் விழவில்லை. பின்வாங்கல்தான் மிச்சம்: மழை, மலேரியா, வான்தாக்குதல், நடை. லட்சுமி அங்கே துப்பாக்கியைவிட ஸ்டெதஸ்கோப்பைத்தான் அதிகம் பிடித்திருப்பார். 1945 மே மாதம் பிரிட்டிஷாரிடம் சிக்கினார். 1946 மார்ச் வரை பர்மாவில் வைத்திருந்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

ஹீரோக்கள், ஆனா ராணுவத்தில் இடமில்லை

அதற்குள் டெல்லி செங்கோட்டையில் ஐஎன்ஏ வழக்கு நடந்து முடிந்திருந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் என்று ராணுவ நீதிமன்றம் சொன்னது. தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதை 1946 ஜனவரியில் ரத்து செய்தார். வெளியில் மக்கள் கொந்தளிப்பு ஒரு காரணம். இந்திய ராணுவத்துக்குள்ளேயே ஐஎன்ஏ மீது அனுதாபம் பரவுகிறதே என்ற கவலை இன்னொரு காரணம். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படைக் கலகம் வெடித்தது.

சுதந்திரம் வந்தது. ஐஎன்ஏக்காரர்கள் ஊர் ஊராக மாலை மரியாதை வாங்கினார்கள். ஆனா நேரு அரசு அவர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. சத்தியத்தை மாற்றிக்கொண்டவர்களும் மாற்றாதவர்களும் ஒரே பாசறையில் எப்படி இருப்பார்கள், அரசியல் ராணுவத்துக்குள் நுழைந்துவிடாதா என்பது ராணுவத் தலைமையின் வாதம். பக்கத்து நாடுகளில் பின்னாளில் நடந்த ராணுவப் புரட்சிகளைப் பார்க்கும்போது அந்த வாதத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனா பர்மா காட்டில் மலேரியாவோடு நடந்துவந்த ஒரு சாதாரண சிப்பாய்க்கு அதன் விலை ரொம்ப அதிகம். சம்பளம் இல்லை, பென்ஷன் இல்லை. சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசு பென்ஷனில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது 1972இல். 25 வருடம் கழித்து.

அரசியலிலும் அவர்கள் ஒரே பக்கம் போகவில்லை. ஷா நவாஸ் கான் காங்கிரஸ் எம்பி, மத்திய அமைச்சர். தில்லான் 1977இல் ஜனதா பக்கம். இன்னும் சிலர் ஃபார்வர்ட் பிளாக். பிரேம் சாகல் கட்சி அரசியலே வேண்டாம் என்று கான்பூரில் ஜவுளி மில் வேலைக்குப் போனார். ஒரே சீருடை, ஒரே தலைவர், ஒரே தோல்வி. ஓட்டு மட்டும் நாலாபக்கம்.

அந்த பிரேம் சாகலைத்தான் 1947 மார்ச்சில் லாகூரில் லட்சுமி திருமணம் செய்துகொண்டார். கான்பூரில் குடியேறி, பிரிவினை அகதிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாம்களில் வேலை செய்தவர், அந்தச் சமயத்தில்தான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1984இல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு கான்பூரில் சீக்கியர்கள் தாக்கப்பட்டபோது கும்பலைத் தடுக்கத் தெருவில் இறங்கினார். அடுத்த சில வாரங்களில் போபால் விஷவாயு. மருத்துவக் குழுவோடு அங்கேயும் போனார். 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டிக்கு எதிரான போராட்டத்தில் கைது. அப்போது வயது 82. 1998இல் பத்ம விபூஷண்.

2002: தெரிந்தே தோற்ற போட்டி

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல். அதைத் தொடர்ந்து ஆபரேஷன் பராக்ரம்: மாதக்கணக்கில் லட்சக்கணக்கான வீரர்கள் பாகிஸ்தான் எல்லையில். 2002 தொடக்கத்தில் குஜராத் கலவரம். இந்தச் சூழலில்தான் ஜனாதிபதி தேர்தல் வந்தது. வாஜ்பாயின் தேசிய ஜனநாயகக் கூட்டணி அப்துல் கலாமை நிறுத்தியது. காங்கிரஸ் ஆதரித்தது. சமாஜ்வாதியும் ஆதரித்தது. தமிழ்நாட்டில் திமுகவும் அதிமுகவும் ஒரே வேட்பாளருக்கு ஓட்டுப் போட்ட அபூர்வமும் நடந்தது. போட்டியே இல்லாமல் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இடதுசாரிகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 87 வயது லட்சுமியை நிறுத்தினார்கள். ஜனாதிபதி என்பவர் அரசியல் சாசனத்தைக் காக்க வேண்டியவர், அதற்கு அரசியல் அனுபவம் வேண்டும் என்றார்கள். குஜராத்துக்குப் பிறகு ஒரு கொள்கைப் போட்டியாவது நடக்க வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கு. லட்சுமிக்குத் தோற்பது தெரியும். ஆனாலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

இரண்டு வேட்பாளர்களும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்பதை இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கு. ஒருவர் ராமேஸ்வரம், ஒருவர் சென்னை. விமானப்படை பைலட் ஆக ஆசைப்பட்டு டேராடூனில் ஒரே இடத்தில் வாய்ப்பைத் தவறவிட்டு, கடைசிவரை படையில் சேராமலே ராணுவத்துக்கு ஏவுகணை செய்து கொடுத்தவர் கலாம். சீருடை போட்டு பர்மா வரை போனவர் லட்சுமி. ஆனா 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையை வைத்து கலாம் தேசிய அடையாளமானபோது, அணு ஆயுதப் பாதையை எதிர்த்த கட்சிகளின் வேட்பாளராக நின்றது அந்த முன்னாள் கேப்டன். ராணுவத்திலிருந்து வந்தவர் என்றால் இந்தப் பக்கம்தான் இருப்பார் என்று நாம் போடும் கணக்கு இங்கே அப்படியே தலைகீழ்.

உலகம் முழுக்கவே இந்தக் கணக்கு தப்பியிருக்கு. 1864இல் அமெரிக்காவில் லிங்கனை எதிர்த்து நின்றவர் ஜெனரல் மெக்கிளல்லன், வீரர்களின் செல்லப்பிள்ளை. ஆனா தனியாக எண்ணப்பட்ட வீரர்களின் ஓட்டில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் லிங்கனுக்கு விழுந்தது. இலங்கையில் 2010இல் போரை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா ராஜபக்சவை எதிர்த்து நின்று சுமார் 40 சதவீதம் வாங்கித் தோற்றார். போரில் அடிபட்ட வடக்கின் தமிழர் பகுதிகளில்தான் அவர் முன்னிலை பெற்றார் என்பது அந்தத் தேர்தலின் விசித்திரம்.

2002 ஜூலை 15 வாக்குப்பதிவு, 18 அன்று முடிவு. கலாமுக்கு 9,22,884. லட்சுமிக்கு 1,07,366. சதவீதமாகச் சொன்னால் பத்தைக் கொஞ்சம் தாண்டும். 2001இல் தமிழ்நாட்டில் ஜெயித்திருந்த இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளின் எம்எல்ஏக்கள் மொத்தம் 11 பேர். 11 x 176 = 1,936. சொந்த மாநிலத்தில் அவரால் எதிர்பார்க்க முடிந்தது அவ்வளவுதான். எல்லையில் பதுங்கு குழிகளில் இருந்த வீரர்களிடமோ, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பழைய ஐஎன்ஏக்காரர்களிடமோ யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை.

தோற்றதும் லட்சுமி கான்பூர் திரும்பினார். கிளினிக்கைத் திறந்தார். 90 வயதைத் தாண்டியும் காலையில் போய் நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை.

2012 ஜூலை 22 அன்று அடுத்த ஜனாதிபதியாக பிரணாப் முகர்ஜி ஜெயித்ததாக முடிவு வந்தது. மறுநாள் கான்பூரில் லட்சுமி இறந்தார், வயது 97. அவர் விருப்பப்படி உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் ஐஎன்ஏ வீரர்களுக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது அதற்கும் 7 வருடம் கழித்து, 2019இல். ஜீப்பில் வந்த அந்த 4 பேருக்கும் வயது 90க்கு மேல். நாலு பேரும் ஆண்கள்.